இரண்டு தூர நகரங்களுக்கு இடையே விமான தூரம் எவ்வளவு? நீங்களே கண்டுபிடிக்கும் வழி

லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 10,881 என்று வரும், இன்னோரிடத்தில் 6,761, வேறொன்றில் 5,875. அப்புறம் அந்த விமானத்தில் போய் வந்த ஒருவரைக் கேட்டால், எங்கள் விமானம் 11,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்ததே என்பார். இந்த நான்கில் எதுவும் தப்பில்லை. முதல் மூன்றும் ஒரே தூரம்தான். கிலோமீட்டர், மைல், கடல் மைல் என்று அளவுதான் மாறியிருக்கிறது. நான்காவது வேறொரு கேள்விக்கான பதில். புதிதாக இதைத் தெரிந்துகொள்ள வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கணக்கு சுலபம். எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்யாமலே எண்ணைத் தேட ஆரம்பித்துவிடுவதால் வரும் குழப்பம் இது.

அதனால் முதல் வேலை, உங்களுக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது. பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம் வேண்டுமா? அதற்குப் பெருவட்ட தூரம் என்று பெயர். அது மாறாது, ஒருமுறை கணக்குப் போட்டால் போதும். விமானம் நிஜமாகவே பறந்த தூரம் வேண்டுமா? அது நாளுக்கு நாள் மாறும், அதே வழித்தடத்தில் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும்கூட இருக்கலாம். இல்லை, எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பதுதான் உங்கள் கவலையா? அப்படியானால் தூரம் பாதிப் பதில்தான், மீதியைக் காற்று சொல்லும். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம், ஆனால் பெருவட்டத்தில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எங்கிருந்து எங்கே?

நகரத்துக்கு நகரம் அளக்காதீர்கள், விமான நிலையத்துக்கு விமான நிலையம் அளங்கள். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என்று இரண்டு பெரிய நிலையங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று நேர்கோட்டிலேயே சுமார் 60 கி.மீ. லண்டன் பெயரில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல இருக்கின்றன. நகரத்தின் நடுப்புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டவருக்கும் ஓடுபாதையை வைத்துப் போட்டவருக்கும் சில பத்து கிலோமீட்டர் வித்தியாசம் வருவது இதனால்தான்.

இன்னொரு பெரிய பள்ளம், ஒரே பெயருள்ள ஊர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி. கோஸ்டா ரிகாவில் ஒரு சான் ஹொசே, கலிபோர்னியாவில் ஒரு சான் ஹோசே. நானே ஒருமுறை கோஸ்டா ரிகாவுக்குப் பதில் கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டு, தூரம் ஏன் இவ்வளவு தள்ளி வருகிறது என்று சூத்திரத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். சூத்திரம் சரியாகத்தான் இருந்தது, ஊர்தான் வேறு. அதிலிருந்து பெயரை நம்புவதில்லை, விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத்தான் தேடுகிறேன். ஆஸ்திரேலிய சிட்னிக்கு எஸ்ஒய்டி, கனடா சிட்னிக்கு ஒய்க்யூஒய், குழம்ப வழியே இல்லை.

குறியீடு கிடைத்ததும் அந்த நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தசமத்தில் இரண்டு இலக்கம் போதும். ஒரு பாகையில் (டிகிரியில்) நூறில் ஒரு பங்கு என்பது சுமார் 1.1 கி.மீ.தான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பாகை, கலை என்று எழுதியிருப்பதையும் தசமத்தில் எழுதியிருப்பதையும் கலந்துவிடாதீர்கள். ஹீத்ரோவின் அட்சரேகை 51 பாகை 28 கலை வடக்கு. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 28-ஐ 60-ஆல் வகுத்தால் 0.47, அதாவது 51.47. அவசரத்தில் 51.28 என்று எழுதிவிட்டால் விமான நிலையத்தையே சுமார் 21 கி.மீ. தெற்கே தள்ளி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கணக்குக்கு முன்னால் ஒரு நூல்

கையில் ஒரு உலக உருண்டை கிடைத்தால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். பத்து வரி விளக்கம் தராத புரிதலை இது பத்து நொடியில் தரும். தையல் நூல் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இழுத்தால் நீளாத நூலாக இருக்கட்டும். இடது கட்டைவிரலை மாட்ரிட் மேல் வைத்து நூலின் ஒரு முனையை அழுத்திக்கொள்ளுங்கள், வலது கட்டைவிரல் நியூயார்க்கின் மேல். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 40 பாகை வடக்கை ஒட்டி இருக்கின்றன. அதனால் நூலைத் தளர்வாக விட்டு அந்த 40 பாகைக் கோட்டின் மேலேயே படிய வைக்க முடியும். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் அதுதான் நேர்வழி. இப்போது நூலை இறுக்கி இழுங்கள். நூல் அந்தக் கோட்டின் மேல் நிற்காது. மெல்ல வடக்குப் பக்கம் வழுக்கிப் போய், அட்லாண்டிக்கின் நடுவில் 46 பாகையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் அது ஒன்றரை சென்டிமீட்டர் நகர்வு, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். விரலிடுக்கில் கொஞ்சம் நூல் மிச்சமும் ஆகும். அந்த மிச்சம்தான் லாபம். 40 பாகைக் கோட்டிலேயே போனால் சுமார் 5,930 கி.மீ., இறுக்கிய நூல் வழியே போனால் சுமார் 5,765 கி.மீ., நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் மிச்சம்.

இறுக்கிய நூல் காட்டுவதுதான் பெருவட்டம். பூமியின் மையம் வழியாக ஒரு வெட்டு வெட்டினால் மேற்பரப்பில் விழும் கோடு. சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடம் பெரும்பாலும் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் 1569-இல் வெளியிட்ட முறையில் வரைந்ததாகவோ அதற்கு நெருங்கியதாகவோ இருக்கும். அவர் அதை மாலுமிகளுக்காக வரைந்தார், திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போனால் வரைபடத்தில் நேர்கோடாக வரவேண்டும் என்பதற்காக. அந்த வேலைக்கு அது அருமையான வரைபடம். தூரம் அளப்பதற்கு அது ஆகாது, துருவங்களை நெருங்க நெருங்க நிலம் வீங்கிக்கொண்டே போகும். ஆகவே அந்த வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து எடுத்த தூரத்தை எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

நூலை வைத்தே தூரத்தையும் கண்டுபிடித்துவிடலாம். 30 செ.மீ. உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆக ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கி.மீ. லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் நூலை இழுத்து ஸ்கேலில் வைத்தால் 25.6 செ.மீ. வரவேண்டும். 25 வந்தாலும் 26 வந்தாலும் பரவாயில்லை, கணக்கில் ஏதாவது பெரிய தப்பு நடந்தால் காட்டிக்கொடுக்க இந்த அளவு துல்லியமே போதும்.

இப்போது கணக்கு

அறிவியல் கால்குலேட்டர் ஒன்று இருந்தால் போதும், கைபேசியிலேயே இருக்கும். கோணத்தை டிகிரியில் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். இரண்டு இடங்களின் அட்சரேகைகளுக்கும் சைன் எடுத்து அவற்றைப் பெருக்குங்கள், அது ஒரு எண். அதே இரண்டு அட்சரேகைகளுக்கும் கொசைன் எடுத்துப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகைகளின் வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள், அது இரண்டாவது எண். இரண்டையும் கூட்டுங்கள். கூட்டி வருவது எந்தக் கோணத்தின் கொசைனோ அந்தக் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களும் அந்தக் கோணத்தில் விலகி இருக்கின்றன. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கிவிட்டால் தூரம் வந்துவிடும். (பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ., அதன் சுற்றளவை 360-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் இந்த 111.2.)

ஹீத்ரோ: 51.47 வடக்கு, 0.45 மேற்கு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம்: 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. ஒன்று மேற்கு, ஒன்று கிழக்கு, ஆகவே தீர்க்கரேகை வித்தியாசம் இரண்டையும் கூட்டி 104.44. முதல் எண் 0.0186. இரண்டாவது எண் 0.1553, ஆனால் 90 பாகையைத் தாண்டிய கோணத்தின் கொசைன் என்பதால் கழித்தல் குறியுடன். கூட்டினால் கழித்தல் 0.1367. அதற்குரிய கோணம் 97.86 பாகை. 111.2-ஆல் பெருக்குங்கள், 10,882. நூல் சொன்னதும் இதைத்தான்.

தப்பு நடக்கும் இடங்கள் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று, தெற்கையும் மேற்கையும் கழித்தல் குறியோடு எழுத மறப்பது. ஆக்லாந்துக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் கணக்குப் போடும்போது ஆக்லாந்தின் அட்சரேகையை கழித்தல் 37.01 என்று போடாமல் வெறும் 37.01 என்று போட்டால் சுமார் 5,930 கி.மீ. என்று வரும். சரியான பதில் 10,480-ஐ ஒட்டி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற ஊரைத் தூக்கி வடக்கே வைத்துவிட்டோம், அவ்வளவுதான் நடந்தது. அதே ஜோடியில் தீர்க்கரேகை வித்தியாசம் 293.2 என்று வரும், 180-ஐத் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். 360-இலிருந்து கழித்தால் 66.8, இரண்டுக்கும் கொசைன் ஒன்றுதான். தேதிக் கோட்டைத் தாண்டுவதைச் சூத்திரமே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு, ரேடியன், அதாவது டிகிரியைப் போலக் கோணத்தை அளக்கும் வேறோர் அளவு. எக்செல் மாதிரி விரிதாள்களில் சைனும் கொசைனும் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும், டிகிரியை மாற்றாமல் கொடுத்தால் வாயைத் திறக்காமல் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண் பார்ப்பதற்கு நியாயமாகக்கூட இருக்கலாம், அதுதான் ஆபத்து. நூல் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். இன்னொரு சோதனையும் உண்டு: பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் இடையே 20,000 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்க முடியாது, சுற்றளவில் பாதி அவ்வளவுதான். அதைத் தெளிவாகத் தாண்டி ஒரு எண் வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஜோடியைச் சொல்லாமல் நகர மனமில்லை. சிங்கப்பூரும் நியூயார்க்கும். 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்குத் தொடங்கிய நேரடிச் சேவை 15,349 கி.மீ. இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். ஒன்று 104 பாகை கிழக்கு, இன்னொன்று 74 பாகை மேற்கு, கூட்டினால் 178. அதாவது உலக உருண்டையின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படியானால் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும்! சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90-இல் 1.36 போக 88.64 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 90-இல் 40.64 போக 49.36 பாகை. மொத்தம் 138. அதை 111.2-ஆல் பெருக்கினால் 15,346. வாய்க்கணக்கிலேயே 3 கி.மீ. வித்தியாசத்தில் வந்துவிட்டது. முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமில்லை.

எவ்வளவு துல்லியம் தேவை?

பூமி சரியான உருண்டை இல்லை. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. இந்த 21 கி.மீ. வித்தியாசத்தால் மேலே போட்ட கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம் அளவுக்குப் பிழை வரலாம், பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதையும் சரிசெய்ய 1975-இல் வின்சென்டி ஒரு முறை எழுதினார். உருண்டையின் நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கும் புள்ளிகளுக்கு அது சில நேரம் விடை தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-இல் சார்லஸ் கார்னி வெளியிட்ட முறையில் அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் கையால் இதையெல்லாம் போட வேண்டியதில்லை. கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீட்டைக் கொடுத்தால் நொடியில் வந்துவிடும், கூகுள் எர்த்தில் அளவுகோல் வசதியும் இருக்கிறது. இருந்தாலும் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கருவிக்குப் போங்கள், கருவி தப்பான ஊரை எடுத்துக்கொண்டால் உடனே மூக்கில் வியர்க்கும்.

அளவுகள் மாற்ற: ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் சரியாக 1,852 மீட்டர். விமானிகள் கடல் மைலைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், ஆகவே ஒரு பாகைக்கு 60. நம்முடைய 97.86 பாகையை 60-ஆல் பெருக்கினால் சுமார் 5,872, மேலே பார்த்த 5,875-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

பறந்த தூரம் ஏன் எப்போதும் கூடுதல்?

விமானம் நூல் பிடித்தமாதிரி போவதில்லை. மேற்கே போக வேண்டிய விமானம் காற்றைப் பார்த்துக் கிழக்கு நோக்கி ஓடுபாதையில் கிளம்பும். திரும்பி வழிக்கு வருவதற்குள் சில பத்து கிலோமீட்டர் பறந்திருக்கும், முன்னிருக்கைத் திரையில் மீதித் தூரம் அசையாமல் அப்படியே நிற்கும். இறங்கும் இடத்தில் வரிசையில் காத்திருந்து வட்டமடிப்பது தனி. இதற்காகவே பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கார்பன் கணக்கில் பெருவட்ட தூரத்தோடு 550 கி.மீ.க்குக் குறைவானால் 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. சேர்த்துக்கொள்கிறது. லண்டன் - சிங்கப்பூருக்கு 125 சேர்த்தால் 11,006.

பெரிய வித்தியாசம் வருவது வேறு காரணங்களால். 2019 நவம்பரில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் ஒரு ஆய்வுப் பயணமாக லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கேயும் இறங்காமல் பறந்தது. பெருவட்ட தூரம் 17,016 கி.மீ., பறந்தது சுமார் 17,800 கி.மீ., நேரம் 19 மணி 19 நிமிடம். சாதகமான காற்று இருக்கும் பாதையில் சுற்றிப் போவது பல நேரம் நேர்வழியைவிட எரிபொருளை மிச்சப்படுத்தும், அதனால்தான் வடக்கு அட்லாண்டிக்கின் மேலே வான்பாதைகளையே தினமும் புதிதாக வகுக்கிறார்கள்.

அப்புறம் வான்வெளித் தடை. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ., ரஷ்யாவின் மேலே பறந்தவரை ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். 2022-இல் அந்த வான்வெளி மூடப்பட்ட பிறகு வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி, பயணம் 13 மணி நேரத்தை எட்டியது. பெருவட்ட தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

குறிப்பிட்ட ஒரு நாளில் எவ்வளவு பறந்தது என்று தெரிய வேண்டுமானால் ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற சேவைகளில் அந்த விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நான்கைந்து நாள் பாருங்கள்.

நேரம்

நீண்ட தூர விமானத்துக்கு நான் போடும் கணக்கு: பெருவட்ட கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி சேர்ப்பது. சிங்கப்பூர் - நியூயார்க் பதினெட்டரை மணி வருகிறது, பெர்த் - லண்டன் 14,499 கி.மீ. பதினேழரை வருகிறது. அட்டவணையும் ஏறத்தாழ அதையே சொல்லும். சுற்றிப் போகும் வழித்தடத்துக்கு இது உதவாது, ஹெல்சிங்கி - டோக்கியோவை இதில் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

திசையையும் பாருங்கள். உயரத்தில் வீசும் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5,540 கி.மீ., வழக்கமாக ஏழு மணி நேரத்தை ஒட்டி, திரும்பி வர எட்டு. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. சராசரி மணிக்கு 1,120 கி.மீ.க்கு மேல். விமானத்தின் சொந்த வேகம் ஒன்றும் கூடிவிடவில்லை, அது நீந்திக்கொண்டிருந்த காற்றே ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட்டில் போட்டிருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்காதீர்கள், அவை அந்தந்த ஊர் நேரங்கள்.

விதிகளுக்காகத் தூரம் தேவைப்பட்டால்

இங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, விதி எதைத் தூரம் என்கிறதோ அதுதான் தூரம். விமானத் தாமதத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிமுறையில் 1,500, 3,500 கி.மீ. என்று எல்லைகள் இருக்கின்றன, அளப்பது பெருவட்ட முறையில் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நடுவில் விமானம் மாறினால்? லண்டனிலிருந்து துபாய் வழியாகச் சிங்கப்பூர் போனால் இரண்டு கட்டமும் சேர்த்துச் சுமார் 11,340 கி.மீ., நேர்த்தூரத்தைவிட 450-க்கும் மேல் அதிகம். ஆனால் முதலில் ஏறிய இடத்துக்கும் கடைசியில் இறங்கிய இடத்துக்கும் உள்ள பெருவட்ட தூரத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பிரிட்டனின் விமானப் பயணிகள் வரியோ, நீங்கள் எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்கினாலும், லண்டனிலிருந்து சேரும் நாட்டின் தலைநகர் வரை உள்ள தூரத்தைத்தான் பார்க்கிறது. படிவம் நிரப்புவதற்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, கண்டுபிடித்த எண்ணை எங்கே எழுதினாலும் தனியாக விடாதீர்கள். “லண்டன் ஹீத்ரோ - சிங்கப்பூர் சாங்கி, பெருவட்ட தூரம், 10,881 கி.மீ.” என்று விமான நிலையம், முறை, அளவு மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள், அடுத்து எடுத்துப் பார்ப்பவர் திரும்பவும் நூலும் ஸ்கேலும் தேட வேண்டியிருக்காது.